மேல்வரம்பு இல்லாத தாள்

கோவிந்தராஜ் தம் வாயால் 'பாஸ்' என்று சொல்லாத எந்தப் பொருளுக்கும் அந்தத் தெருவில் மின்சாரம் கொடுப்பதில்லை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடவுமில்லை. ஆனாலும் பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையில் தொடங்கி மாரியம்மன் கோயிலில் முடிந்துபோகும் அந்தச் சிறிய தெருவில், புதிதாக வாங்கிய மிக்ஸியானாலும் சரி, சீர்வரிசையாக வந்திறங்கிய ஃபிரிட்ஜானாலும் சரி, முதலில் அட்டைப்பெட்டியோடு கோவிந்தராஜ் வீட்டுக் கூடத்துக்கு வரும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, அந்த ஒற்றைச் சொல்லை உதிர்த்த பிறகே அது தன் சொந்த வீட்டுக்குப் போகும்.

வழக்கம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. கோவிந்தராஜ் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டிக் குடிவந்த புதிதில், எதிர்வீட்டுக் குப்பம்மா வாங்கிவந்த வாட்டர் ஹீட்டரை 'கொஞ்சம் இருங்க' என்று தடுத்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டரின் உடம்பெல்லாம் கரண்ட். அதில் குப்பம்மா குளித்திருந்தால் அதுவே அவளுடைய கடைசிக் குளியலாகியிருக்கும். தெருவுக்கே எலக்ட்ரீஷியனான வேம்புலி அன்றைக்கே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டான்: பெரியவர் பார்க்காத எதற்கும் இனிமேல் தான் வயர் இழுப்பதில்லை. உயிர் காத்தவருக்குத் தெரு கொடுத்த அந்த மரியாதை, வருஷங்கள் போகப் போகச் சட்டமாக இறுகிவிட்டது. ஓர் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கட்டவிருந்த சீரியல் விளக்குகளே 'ரிஜெக்ட்' ஆகி, அம்மன் வெறும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வீதியுலா போக வேண்டியதாயிற்று. அம்மனும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தால் அதிகம் அவதிப்பட்டவள், சட்டத்தோடு ஒரே கூரையின்கீழ் குடித்தனம் நடத்திய பத்மா. கையேட்டில் போட்டிருந்ததைவிட வயர் ஒரு விரற்கடை குறைந்துபோனது என்பதற்காக அவளுடைய மிக்ஸி வந்த வழியே திரும்பியது. மாற்று மிக்ஸி வரும்வரை அவள் தினமும் குப்பம்மா வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். குப்பம்மாவின் மிக்ஸியும் தன் புருஷன் பாஸ் சொன்னதுதான் என்பது அப்போது ஆறுதலாக இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல், கூடத்து மேஜைமேல் பழைய போர்வை விரித்து அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அது, ஆபீஸுக்கு லீவு என்று சொல்லிக்கொண்டு வீட்டிலிருந்த மகள் சுவேதாவுடையது. பத்மா அடுக்களை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் வேலை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சுவேதா வேலை பார்த்தாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். செய்தி கேட்ட கோவிந்தராஜ், "தெருவுக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து சுவேதா காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு, பத்மா கட்டிக் கொடுக்கும் டிபன் டப்பாவோடு மின்சார ரயிலில் ஏறுவாள். அம்பத்தூர்வரை போவதில்லை. ஆவடியில் இறங்கி, நூலகத்தில் உட்கார்ந்து வேலை தேடிவிட்டு, ஆபீஸ் விடும் நேரத்துக்கு முகத்தில் ஆபீஸ் களைப்பை வரவழைத்துக்கொண்டு திரும்புவாள்.

அப்படித் தேடியதில் ஒன்று அகப்பட்டது. ஏதோ ஒரு பிளாக்செயின் வலைப்பின்னலாம். அதில் ஒரு நோடை வீட்டிலேயே வைத்து ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் யாருடைய நோடு பழைய கணக்கு அத்தனையையும் இறக்கி முடித்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறதோ, அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு அதை ஓட்டுவதே வேலை; கூலியை அந்த வலைப்பின்னலே கணக்கிட்டுக் கொடுத்துவிடும். இறக்கி முடிக்க முழுசாக இரண்டு நாள் ஆகும். ஆகவே பெட்டி இன்று மாலைக்குள் ஓட ஆரம்பித்தாக வேண்டும்.

"நோடுன்னா என்னடி?" என்று பத்மா முந்தின நாள் கேட்டிருந்தாள்.

"பொதுவான ஒரு கணக்கும்மா. அதை ஒரே எடத்துல வெச்சா அங்க இருக்கறவன் மாத்தி எழுதிடலாம் இல்ல? அதனால ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு காப்பி வெச்சுக்குவாங்க. புதுசா ஒரு வரி வந்தா எல்லாரும் சரிபார்ப்பாங்க. யாராவது தப்பா எழுதினா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க."

பத்மா யோசித்தாள். "தண்ணி லாரி வரப்போ குடம் வெக்கிற மாதிரி."

"எப்படி?"

"யார் குடத்துக்குப் பின்னாடி யார் குடம்னு எவ எழுதி வெக்கிறா? எல்லாருக்கும் மனசுல இருக்கும். நடுவுல எவளாவது ஒரு குடத்தைச் சொருகினா பத்து பேரும் சேர்ந்து கத்துவோம்."

சுவேதா அம்மாவைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். "அதேதாம்மா."

"இதுக்கா இவ்ளோ பெரிய பொட்டி?"

இப்போது அந்தப் பெட்டியின் முன்னால் கோவிந்தராஜ் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து நாற்காலியில் சிவராமன். தொழிற்சாலையின் மின்பிரிவில் இருந்த பழைய சிநேகிதர். பெரிய ஆய்வுகளுக்கெல்லாம் சாட்சியாக அழைக்கப்படுபவர். பிறந்ததிலிருந்து யாரோடும் மாறுபட்டுப் பேசியறியாதவர். சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்டைப் பொருத்தி முடித்த வேம்புலி, தரையில் சம்மணம் போட்டுக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"தாளைக் குடு" என்றார் கோவிந்தராஜ்.

நோடு ஓட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று வலைப்பின்னல்காரர்கள் போட்டிருந்த ஒரு பக்கத்தை சுவேதா அச்செடுத்து வைத்திருந்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, தொழிற்சாலை வரைபடத்தைப் படிக்கிற பக்தியோடு படித்தார்.

"பிராசஸர். எட்டு கோர்."

"எட்டுதாம்பா."

"யுபிஎஸ்."

"இருக்கு."

"இன்டர்நெட். அம்பது எம்பி."

"நம்ம வீட்ல நூறு."

கோவிந்தராஜின் புருவம் ஏறியது. "குறிச்சுக்கோ சிவராமா." சிவராமனிடம் எழுத ஒன்றுமில்லாததால் தலையை மட்டும் ஆட்டினார்.

"ரேம். முப்பத்திரண்டு ஜிபி."

சுவேதா பெட்டிமேல் கையை வைத்தாள். "அறுபத்து நாலு."

வேம்புலி காபி ஆற்றுவதை நிறுத்தினான். பத்மாவுக்கு அந்த மௌனம் பழக்கமானது. மிக்ஸிக்கும் இதே மௌனம்தான் வந்தது.

"ரெண்டு மடங்கா?"

"ஆமாம்பா. இன்னும் நல்லதுதானே?"

"நல்லதுன்னு யார் சொன்னா? பீரங்கிக் குழாய் நூத்தியிருபது மில்லிமீட்டர்னு கேட்டவன்கிட்ட எரநூத்தி நாப்பது கொண்டுபோய்க் குடுத்து, இன்னும் நல்லதுதானேம்பியா? குண்டு தொபுக்குன்னு சொந்த ஆளு கால்ல விழும்."

"கோவிந்து சொல்றதுல ஒரு பாயிண்ட் இருக்கு" என்றார் சிவராமன்.

"அங்கிள், இது குழாய் இல்ல. தாள்ல பாருங்க, குறைந்தபட்சம்னுதான் போட்டிருக்கு. அதுக்கு மேல எவ்வளவு வேணா இருக்கலாம்."

"பாப்பா சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு."

கோவிந்தராஜ் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "குறைந்தபட்சம் போட்டிருக்கான். சரி. அதிகபட்சம் எங்க? கீழ்வரம்பு போட்டவன் மேல்வரம்பும் போட்டாத்தான் அது டிராயிங். இல்லேன்னா அது கல்யாணப் பத்திரிகை. போட்டவனுக்கு போனைப் போடு, மேல்வரம்பு என்னன்னு கேக்கறேன்."

"யாருக்குப்பா போடறது? அங்க ஆபீஸ் இல்ல, மேனேஜர் இல்ல. உலகம் பூரா ஆளாளுக்கு வீட்ல பெட்டி வெச்சிருக்காங்க. அத்தனை பெட்டியும் ஒண்ணை ஒண்ணு சரிபார்த்துக்கும்."

"தலைமை ஆய்வாளர்னு ஒருத்தர் இருப்பார் இல்ல?"

"அப்படி ஒருத்தர் இருக்கக் கூடாதுங்கறதுதாம்பா விஷயமே."

கோவிந்தராஜ் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார். தாம் ஓய்வுபெற்ற பிறகு உலகம் கெட்டுப்போய்விட்டது என்ற சந்தேகம் அவருக்கு வெகுநாளாக உண்டு. இவ்வளவு தூரம் கெட்டிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஆயிரம் பேர் சேர்ந்து செக் பண்ணா அதுக்குப் பேர் இன்ஸ்பெக்‌ஷன் இல்லம்மா. திருவிழா."

"கரீட்டு நைனா" என்றான் வேம்புலி. "எங்க ஊட்ல ஒரு கொழம்புக்கு மூணு பேரு உப்புப் போட்டா மாரி."

சுவேதா கடைசி முயற்சியாக, நோடுக்காரர்கள் கூடிப் பேசும் இணைய அரங்கத்தில் அப்பாவின் கேள்வியை அப்படியே எழுதிப் போட்டாள். கேள்வி இதுதான்: ரேமுக்கு மேல்வரம்பு உண்டா? காபி டம்ளர்கள் அடுக்களைக்குத் திரும்புவதற்குள் மறுமொழிகள் வந்துவிட்டன. பிரேசில்காரர் ஒருவர், எவ்வளவு போட்டாலும் நல்லது என்றார். போலந்துக்காரர் ஒருவர் தம்மிடம் நூற்றிருபத்தெட்டு இருப்பதாகவும், அதற்காகத் தம் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டதாகவும் தெரிவித்தார். மூன்றாவது ஆசாமி, பதினாறிலேயே கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியை ஓட்டிக்கொண்டிருப்பதாகப் பெருமைப்பட்டார்.

"பதினாறா!" கோவிந்தராஜ் குரல் உடைந்தது. "கீழ்வரம்புல பாதி! இவனை யார் பாஸ் பண்ணா?"

"அவரே பண்ணிக்கிட்டார்பா."

"பேர் என்ன?"

சுவேதா தயங்கினாள். "தூங்கும் தவளை."

"தவளை கையெழுத்துப் போட்ட கிளியரன்ஸை நம்பி நான் ஒரு பொருளை வெளிய விடணும். அப்படித்தானே?"

இதற்குமேல் வாதத்தில் வெல்ல முடியாது என்று கண்ட சுவேதா, பணிந்துபோய் வெல்லலாம் என்று திட்டத்தை மாற்றினாள். ஸ்க்ரூடிரைவரால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு ரேம் துண்டுகளில் ஒன்றை உருவிப் போர்வைமேல் வைத்தாள். "இப்ப முப்பத்திரண்டு. சரியாப்பா?"

கோவிந்தராஜின் முகம் மலர்ந்தது. பத்மாவுக்கும் மூச்சு வந்தது. வேம்புலி எழுந்து நின்று லுங்கியை உதறிக்கொண்டான்.

"அடுத்தது" என்று கோவிந்தராஜ் தாளைப் பார்த்தார். "டிஸ்க். ரெண்டு டிபி."

சுவேதா பக்கவாட்டுத் தகட்டை எடுத்து மூடப் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, விரல் நீளத்துக்கு இருந்த அந்தப் பச்சைத் தகட்டின்மேல் இருந்த எண்ணைத் தாமே படித்தார்.

"நாலு."

"கடையில அதுதாம்பா இருந்துது. கணக்கு வளர்ந்துக்கிட்டே போகும். அடுத்த வருஷம் ரெண்டு பத்தாது."

"அடுத்த வருஷ டிராயிங் அடுத்த வருஷம் வரும். இதுலயும் பாதியைக் கழட்டு."

"இது ஒரே துண்டு. பாதின்னு கிடையாது."

கோவிந்தராஜ் தகட்டை நிதானமாகப் பார்த்தார். நீளத்தை மனத்துக்குள் இரண்டாக வகுத்து, எந்த இடத்தில் அறுக்கலாம் என்று கோடு போடுகிற பார்வை அது. அந்தப் பார்வையை வேம்புலியும் அறிவான்.

"நைனா, ஆக்ஸா பிளேடு வண்டியில கீது. எட்த்தாரட்டா?"

"வேம்புலி அண்ணா!" என்று சுவேதா அலறினாள்.

"இல்ல பாப்பா, ஒரு ஒத்தாசைக்குக் கேட்டேன்."

கோவிந்தராஜ் நிமிர்ந்தார். "ரிஜெக்ட். கடைக்குக் கொண்டுபோய் ரெண்டு டிபியா மாத்திக்கிட்டு வா."

"கேட்டுட்டேன்பா. ரெண்டு டிபி திங்கட்கிழமைதான் வருமாம்."

"அப்ப திங்கட்கிழமை பார்ப்போம்."

"பாப்பா" என்று சிவராமன் சமாதானமாகச் சொன்னார், "இது போனா என்ன? ஆபீஸ் வேலை இருக்கு இல்ல? இது சும்மா உபரி வருமானத்துக்குத்தானே?"

சுவேதா அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பத்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். இரண்டு மாதமாக ஆபீஸ் களைப்பை நடித்துக் களைத்துப்போன பெண் அதைக் கவனிக்கவில்லை.

"ஆபீஸ் இல்ல அங்கிள். வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. தினமும் ஆவடி லைப்ரரியில உக்காந்துட்டு வரேன். இது கிடைச்சாதான் எனக்கு வேலை."

கோவிந்தராஜ் சட்டென்று ஜன்னலைச் சாத்தப் போனார். சாத்தினால் ரகசியத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வுடு நைனா, வெக்கையா கீது" என்றான் வேம்புலி. "அது எல்லாருக்கும் தெரியும்."

"எது?"

"பாப்பாக்கு வேலை போனது. ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்டதான பயோடேட்டா காப்பி எட்த்துச்சி? குப்பம்மா நாத்தனா மவ அந்த லைப்ரரியிலதான் பெருக்குறா. பாப்பா அங்க டிபனைத் துன்னுட்டுத் தலைய சாச்சிக்கினு இருந்திச்சின்னா, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு அந்தப் பக்கம் பெருக்காம வுட்ருவா. கோயில் பூசாரி வாரா வாரம் பாப்பா பேருக்கு அர்ச்சனை பண்ணிகினு கீறாரு. யாரு சொன்னதுன்னு என்னைக் கேக்காத."

"தெருவுல ஒருத்தர்கூட என்கிட்ட..."

"நீ மறைக்கிற. அத்தெப் போயி கேட்டு உன் மனச இன்னாத்துக்கு நோவடிக்கணும்? அத்தொட்டு யாரும் வாயத் தொறக்கல."

கோவிந்தராஜ் சிநேகிதர் பக்கம் திரும்பினார். "சிவராமா, உனக்குமா? அப்புறம் எதுக்கு ஆபீஸ் வேலை இருக்கேன்னு கேட்ட?"

சிவராமன் மின்விசிறியை ஆராய்ந்தார். "தெரியாத மாதிரி கேட்டாத்தான உனக்குக் கஷ்டமா இருக்காது? மறைச்சதுல ஒரு பாயிண்ட் இருந்துது, கோவிந்து."

பத்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு மாதமாக ஓர் ஆள் பூட்டி வைத்துக் காவல் காத்த விஷயத்துக்குத் தெரு முழுக்க ஆளுக்கொரு காப்பி இருந்திருக்கிறது. எல்லாக் காப்பியும் ஒன்றுபோலச் சரியாகவும் இருந்திருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல" என்று அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார், "நான் பாஸ் பண்ணி வெளிய அனுப்பின ஒரு பொருள் திரும்பி வந்ததில்ல. திரும்பி வந்தது இவ ஒருத்திதான்."

"அப்பா, நான் மிக்ஸி இல்ல."

"தெரியும்மா. மிக்ஸியா இருந்தா எங்க பழுதுன்னு கழட்டிப் பார்த்திருப்பேன். உன்கிட்ட ஒரு பழுதும் இல்ல. அப்படியும் அனுப்பிட்டான். இவனுங்களும் நாளைக்கு அளந்து பார்த்து, சொன்னதைவிட இம்மி கூட இருக்கு, வேணாம்னுட்டா? இன்னொரு தடவை நீ அந்த லைப்ரரிக்கு..." அவர் முடிக்கவில்லை. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி அந்த வெறும் பின்பக்கத்தைப் பார்த்தார். மேல்வரம்பு இப்போதும் அங்கே இல்லை.

சுவேதா குனிந்து பெட்டியைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். அப்பாமேல் இருந்த கோபம் அடங்கியிருந்தது. வெளியே சென்ட்ரலிலிருந்து வரும் ரயில் நின்று கிளம்பும் ஓசை கேட்டது, மாலையாகிவிட்டது. இன்னும் சற்று நேரம் போனால் ஞாயிற்றுக்கிழமையைப் பிடிக்க முடியாது.

பத்மா கணவரின் தொண்டையைக் கவனித்தாள். சொல்ல வேண்டிய சொல் அங்கேதான் இருந்தது. மேலே வர முயன்றது, முடியவில்லை. ஆயுள் முழுவதும் தாளைப் பார்த்து மட்டுமே வெளியே வந்து பழகிய சொல், மகளைப் பார்த்து வெளியே வரத் தெரியாமல் விழித்தது. அது வரும்வரை காத்திருந்தால் திங்கட்கிழமையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மிக்ஸிக்குக் காத்திருந்தவள் அவள். சட்னிக்காகக் காத்திருக்கலாம், மகளின் வேலைக்காக முடியாது.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"பெட்டியை வெளிய எடுடி. கழட்டி வெச்ச துண்டையும் திருப்பிச் சொருகு."

"அம்மா?"

"அறுபத்து நாலும் உள்ள போகட்டும். நாலு டிபியும் இருக்கட்டும். மூடி ஸ்க்ரூவைப் போடு."

சுவேதா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று வேலையில் இறங்கினாள். பக்கத்தகடு மூடியது. வயர் சுவரிலிருந்த புதுப் பிளக்கில் ஏறியது. வேம்புலி தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினான்.

"பத்மா" என்றார் கோவிந்தராஜ். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்ல வேணாங்க. நான் பார்த்துட்டேன்."

"நீ என்ன பார்த்த? உனக்கு ரேம்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. இவளைப் பார்த்தேன்."

சிவராமன் வாயைத் திறந்தார். இதில் யார் பக்கம் பாயிண்ட் இருக்கிறது என்று புலப்படாமல் மறுபடி மூடிக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் குப்பம்மா முறமும் கையுமாக அசையாமல் நின்றிருந்தாள்.

"பாஸ்" என்றாள் பத்மா, அந்த ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.